கெர்னலுக்குக் கட்டுச்சோறு: தொடக்கக் கோப்பு முறைமையை எதைக் கொண்டு கட்டுவது?

பழைய சர்வர் ஒன்றை மெய்நிகர் கணினியாக மாற்றும் வேலை. வட்டை ஒரு பைட் மாறாமல் நகலெடுத்துப் புதிய இடத்தில் வைத்து இயக்கினேன். கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையக்கரு, எழுந்தது; திரையில் வரிகள் ஓடின, பிறகு நின்றன. மூன்று நிமிடம் போல ஒரே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, டிராகட் என்ற பெயரோடு ஓர் அவசர முனையத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கைகட்டி நின்றது கணினி. வட்டுகளைப் பட்டியலிடச் சொன்னால் ஒன்றுகூட இல்லை.

நகலில் குறையில்லை. தரவு முழுவதும் அங்கேதான் இருந்தது. அதைத் தொடுவதற்கான டிரைவர்தான் கெர்னலின் கையில் இல்லை. பழைய பெட்டியில் இருந்தது பல வட்டுகளை ஒன்றாகக் கோக்கும் ஒரு ரெய்டு கார்டு. புதிய இடத்தில் இருந்தது மெய்நிகர் கணினிகளுக்கான விர்ட்ஐஓ வட்டு. விர்ட்ஐஓ டிரைவரும் அந்த வட்டுக்குள்தான் இருந்தது, ஆனால் வட்டைத் திறந்தால்தானே அதை எடுக்க முடியும்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. துவக்கப் பட்டியலில் கடைசியாக இருந்த 'மீட்பு' என்ற வரியைத் தேர்ந்தெடுத்ததும் கணினி ஒழுங்காக எழுந்துகொண்டது. உள்ளே போய், வட்டைத் திறக்கும் முன் கெர்னலுக்குத் தேவையான டிரைவர்கள் அடங்கிய தொடக்கப் பொதியை மறுபடி கட்டியதும் வேலை முடிந்தது.

அந்த மீட்பு வரி இல்லாதிருந்தால் அன்று மாலை எப்படிப் போயிருக்கும் என்ற யோசனைதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. உபுண்டு 25.10-இல் மேசைக்கணினிப் பதிப்பு, இந்தப் பொதியைக் கட்டும் தன் பழைய கருவியை விட்டு டிராகட்டுக்கு மாறிய பிறகு, என் பொறுப்பில் இருக்கும் கணினிகளுக்கும் அதே கேள்வி வந்தது. மாற்றலாமா, இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா, அல்லது இந்தத் தொடக்கப் பொதியே இல்லாமல் ஓட்டலாமா? ஒவ்வொன்றையும் எடைபோட நான் வைத்துக்கொண்ட படிக்கல் ஒன்றுதான்: இந்தக் கணினி எழுந்திருக்காத நாளில் அதன் முன்னால் யார் இருப்பார், அவர் கையில் என்ன இருக்கும்?

பொதிக்குள் என்ன இருக்கிறது

லினக்ஸ் கெர்னல் எழுந்தவுடன் செய்ய வேண்டியது, இயங்குதளம் குடியிருக்கும் ரூட் கோப்பு முறைமையை ஏற்றுவது. அதற்கு வட்டின் டிரைவர் வேண்டும், எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை வடிவம் தெரிந்திருக்க வேண்டும், குறியாக்கம் செய்த வட்டென்றால் கடவுச்சொல் கேட்க ஒரு நிரல் வேண்டும். இவை அத்தனையையும் கெர்னலுக்குள்ளேயே திணித்தால் அது வீங்கிப் போகும். தேவைப்படும்போது ஏற்றும் மாட்யூல்களாகப் பிரித்து வைத்தால் அவை இருக்கும் இடம் இன்னும் திறக்காத வட்டு. விதை முந்தியா மரம் முந்தியா என்ற இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் 1990-களின் நடுவில் இனிட்ஆர்டி வந்தது. நினைவகத்தில் ஒரு போலி வட்டை உருவாக்கி, அதற்குள் ஒரு சிறிய கோப்பு முறைமையை வைத்து, அதிலிருந்து உண்மையான ரூட்டைத் தேடிப் போகும் ஏற்பாடு அது.

போலி வட்டென்றாலும் வட்டு வட்டுதான். அதற்கு நிலையான அளவு வேண்டும், அதைப் படிக்க ஒரு கோப்பு முறைமை டிரைவர் கெர்னலுக்குள் இருக்க வேண்டும், அதில் உள்ளது நினைவகத்தில் இரண்டு முறை இடம் பிடிக்கும். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 வரிசைக் கெர்னலில் இதற்கு மாற்றாக இனிட்ராம்எஃப்எஸ் நிலைபெற்றது. இதில் வட்டே கிடையாது. சிபிஐஓ என்ற பழைய யூனிக்ஸ் வடிவத்தில் கட்டிய பொதி ஒன்றைக் கெர்னல் நேராக நினைவகத்தில் அவிழ்த்துப் பரப்பிவிட்டு, அதன் மேல்மட்டத்தில் இருக்கும் 'இனிட்' என்ற கோப்பை முதல் செயல்முறையாக ஓட்டுகிறது. அந்த இனிட் வட்டைக் கண்டுபிடித்து ஏற்றி, பொதியில் இருந்ததையெல்லாம் அழித்து இடத்தைக் காலி செய்துவிட்டு, உண்மையான இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவதைப் போல.

பெயர் மட்டும் பழையதே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் அந்தக் கோப்பின் பெயர் இன்றும் இனிட்ஆர்டி என்றுதான் தொடங்குகிறது. கிரப் துவக்கியின் கட்டளையும் அதேதான். வீட்டில் குளிர்பதனப் பெட்டி எந்த நிறுவனத்துடையதானாலும் பழைய பெயரிலேயே அழைக்கும் பாட்டிகளைப் போல.

ஒருமுறையாவது அந்தக் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். டெபியன் வகைக் கணினிகளில் உள்ளடக்கத்தைப் பட்டியலிடவும், ஒரு தற்காலிக அடைவில் அவிழ்க்கவும் தனித்தனிக் கட்டளைகள் கூடவே வருகின்றன. கோப்பின் முதல் ஆறு எழுத்துகள் பெரும்பாலும் 070701 என்று இருக்கும். அது சிபிஐஓவின் அடையாளம். கோப்பு வகையைச் சொல்லும் கட்டளையைக் கேட்டால் 'சாதாரண சிபிஐஓ பொதி' என்று சொல்லும், அவிழ்த்தால் செயலிக்கான திருத்தங்கள் அடங்கிய ஒரு மைக்ரோகோடு கோப்பு மட்டும் வெளியே விழும். பல பத்து எம்பி எடையுள்ள கோப்பில் இவ்வளவுதானா என்று முதல்முறை நானும் குழம்பினேன். உண்மையில் ஒரே கோப்பில் பல பொதிகள் முதுகோடு முதுகாக ஒட்டப்பட்டிருக்கின்றன. செயலியின் மைக்ரோகோடு மிக முன்னதாகத் தேவைப்படுவதால் அது சுருக்கப்படாமல் முதலில் நிற்கிறது; சுருக்கிய பெரிய பொதி அதன் பின்னால் வருகிறது.

பெரிய பொதியை அவிழ்த்தால் ஒரு குட்டி லினக்ஸே கண்ணில் படும். பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகள் பலவற்றை ஒரே நிரலில் அடக்கியது), சில நூலகங்கள், நூற்றுக்கணக்கான டிரைவர்கள், ஒரு பெரிய ஷெல் ஸ்கிரிப்ட். உங்கள் கணினியில் இல்லவே இல்லாத வட்டுக் கார்டுகளின் டிரைவர்களும் இருக்கும். அல்லது இருக்காது. எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் முடிவில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்: கட்டுச்சோற்றை இந்த ஒரு பயணிக்கு மட்டும் கட்டுவதா, வழியில் யார் வந்தாலும் பரிமாறும் அளவுக்குக் கட்டுவதா?

பொதியே இல்லாமல்

சிலருக்கு இது வீம்பாகத் தெரியும். சில இடங்களில் இதுவே மிகச் சரியான வழி. கெர்னலை நாமே தொகுத்து, வட்டு டிரைவரையும் கோப்பு முறைமையையும் அதற்குள்ளேயே சேர்த்துவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே துவக்கலாம். ஜென்டூ பயனர்கள் பலர் நெடுங்காலமாகச் செய்வது இது. க்ரோம்ஓஎஸ் தன் வழக்கமான துவக்கத்தில் இப்படித்தான் எழுகிறது; சரிபார்க்கப்பட்ட ரூட் வட்டை அமைக்கும் வேலையைக் கெர்னல் கட்டளை வரியே பார்த்துக்கொள்கிறது. அதையொத்த வசதி பொதுக் கெர்னலிலும் 5.1 பதிப்பிலிருந்து இருக்கிறது.

குழியில் விழுவது எங்கே என்றால் சின்னச் சின்ன விஷயங்களில். நாம் வழக்கமாகக் கட்டளை வரியில் கொடுக்கும் யுயுஐடி என்பது கோப்பு முறைமையின் அடையாள எண். அதைப் படித்துத் தேடுவது கெர்னல் அல்ல, பொதிக்குள் இருக்கும் நிரல்கள். பொதியை எடுத்துவிட்டால் அந்த எண் கெர்னலுக்கு வெறும் கிறுக்கல். பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும் பார்ட்யுயுஐடி போன்றவைதான் அதற்குத் தெரியும். இதை அறியாமல் பழைய வரியையே விட்டுவைத்தவர்கள்தான் 'ரூட்டை ஏற்ற முடியவில்லை, அறியப்படாத சாதனம் 0,0' என்ற வரியோடு உறைந்த திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு உதவி கேட்பவர்களில் பலர். யுஎஸ்பி வட்டோ எஸ்டி கார்டோ மெதுவாகத் தலைகாட்டும் சாதனங்கள். அவற்றுக்காகக் காத்திருக்கச் சொல்லும் அளவுருவையும் சேர்க்க வேண்டும். இன்னொன்று: ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவரைக் கெர்னலுக்குள் கட்டினால் அது வட்டு ஏறுவதற்கு முன்பே தன் ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருளைத் தேடும், அதையும் உள்ளேயே கட்டியிருக்க வேண்டும், இல்லையேல் திரையே வராது.

வட்டு இடத்தை ஒன்றாக்கிப் பங்கிடும் எல்விஎம், லக்ஸ் முறையிலான வட்டுக் குறியாக்கம், பல வட்டுகள் சேர்ந்த பிடிஆர்எஃப்எஸ், தனிப் பார்ட்டிஷனில் யுஎஸ்ஆர் அடைவு: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள். பழுதானால் கிடைப்பது என்ன என்று என் படிக்கல்லை வைத்துப் பார்த்தால் விடை பூஜ்யம். கெர்னல் பீதியடைந்து நின்றுவிடும். தட்டச்சு செய்ய ஒரு முனையம்கூடக் கிடைக்காது. எஸ்டி கார்டைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினால் தீர்ந்துவிடும் சாதனத்துக்கு அது பரவாயில்லை. ராஸ்பெரி பை இயங்குதளம் பல ஆண்டுகள் பொதியில்லாமல்தான் எழுந்தது. அதுவே 2023-இல் வந்த புக்வர்ம் பதிப்பிலிருந்து பொதியோடு துவங்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்: படித்துப் புரிந்துகொள்ளக்கூடியது

டெபியனிலும் அதன் வழிவந்தவற்றிலும் நெடுநாள் குடியிருக்கும், பொதி கட்டும் கருவி இது. என் பக்கச்சாய்வை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவி எனக்குப் பிடிக்கும். காரணம் அது அழகாக எழுதப்பட்டிருக்கிறது என்பதல்ல. அது முழுக்க முழுக்க ஷெல் ஸ்கிரிப்ட். இனிட் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தால், கணினி எழும் வரிசை கதைபோலப் புரிந்துவிடும். முதலில் இவை, வட்டை ஏற்றும் முன் இவை, ஏற்றிய பின் இவை என்று அடைவுகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நமக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அந்தந்த அடைவில் ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்தால் போதும். பொதி கட்டும்போது ஓடுபவை ஒருபுறம், துவக்கத்தின்போது ஓடுபவை மறுபுறம்.

இதன் குறும்புகளையும் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி கொடுக்க மறந்தால் அது பிழை சொல்லாது. சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஒரு முழு மாலையை இப்படித் தொலைத்திருக்கிறேன். குறியாக்க வட்டுகளின் அட்டவணைக் கோப்பைத் திருத்திவிட்டுப் பொதியைப் புதுப்பிக்க மறப்பது அடுத்தது. அமைப்புக் கோப்பு புதிதாகவும் பொதிக்குள் இருக்கும் நகல் பழையதாகவும் இருக்க, நாம் மறந்தே போன ஒரு நாளில் மின்தடை வந்து கணினி மறுதுவக்கம் ஆகும்.

பழுதானால் கிடைப்பது பிஸிபாக்ஸ் முனையம். அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று காட்டிக்கொண்டு கர்சர் மினுக்கும் அந்தத் திரையைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு நண்பன். மேலேயே 'ரூட் சாதனத்துக்காகக் காத்திருந்து கைவிட்டேன்' என்று சொல்லி, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பட்டியலும் கொடுத்திருக்கும். கெர்னல் கட்டளை வரி சரியா, சாதனம் தெரிகிறதா, டிரைவர் ஏறியதா என்று மூன்றையும் அங்கேயே பார்க்கலாம். கைப்பட வட்டைத் திறந்து ஏற்றிவிட்டு 'எக்ஸிட்' என்று அடித்தால், பல சமயங்களில் விட்ட இடத்திலிருந்து துவக்கம் தொடரும்.

டெபியனில் இயல்பான அமைப்பு, பெரும்பாலான டிரைவர்களைச் சேர்ப்பது. யார் வந்தாலும் பரிமாறும் சோறு. வட்டைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலும் பெரும்பாலும் எழுந்துவிடும். விலை, பூட் பார்ட்டிஷனில் இடம். ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு பொதி. பழைய கெர்னல்கள் குவியக் குவிய இடம் நிறைந்து, மேம்படுத்தல் பாதியில் நின்றுபோகும். அண்மைக் காலத்தில் கிராபிக்ஸ் ஃபர்ம்வேர் கோப்புகள் பெருத்துவிட்டதால் இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. என்விடியா கார்டுகளுக்கான ஃபர்ம்வேர் ஒரு கோப்பே பல பத்து எம்பி இருக்கும். 'தேவையானது மட்டும்' என்று ஒரு சொல்லை மாற்றினால் பொதி சுண்டிவிடும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அது இந்தப் பெட்டிக்கு மட்டுமான பொதி.

இந்தக் கருவியைவிட்டு நான் எளிதில் நகராததற்கு முதன்மையான காரணம் வேறு. தொலைவில், யாரும் இல்லாத அறையில், குறியாக்கம் செய்த வட்டோடு ஒரு சர்வர் இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அது கடவுச்சொல் கேட்டு நிற்கும். பொதிக்குள் டிராப்பேர் என்ற, தொலைவிலிருந்து நுழைய உதவும் சிறிய எஸ்எஸ்ஹெச் சர்வரைச் சேர்த்துவிட்டால், வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாம். டெபியனில் இதற்கென்று ஆயத்தப் பொட்டலம் இருக்கிறது. பொதுச் சாவியை ஒரு கோப்பில் போட்டுப் பொதியைப் புதுப்பித்தால் முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: டிராப்பேரின் சொந்த அடையாளச் சாவி, குறியாக்கம் இல்லாத பூட் பார்ட்டிஷனில் கிடக்கிறது. சர்வரின் உண்மையான எஸ்எஸ்ஹெச் சாவியை அங்கே நகலெடுத்து வைப்பது, வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். இரண்டுக்கும் வேறு வேறு சாவி இருக்கட்டும்.

டிராகட்: கேட்காமலே கண்டுபிடிப்பது

ஃபெடோரா 2009-இல் தன் 12-ஆம் பதிப்பில் இதற்கு மாறியது. அடுத்த ஆண்டு ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் 6. ஓப்பன்சூசே 2014-இல் வந்து சேர்ந்தது. இதன் அடிப்படை எண்ணமே வேறு. வரிசையாக இதைச் செய், அதைச் செய் என்று ஸ்கிரிப்ட் எழுதுவதற்குப் பதிலாக, கெர்னல் ஒரு சாதனத்தைக் கண்டதும் எழுப்பும் நிகழ்வுக்கு, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் எதிர்வினை செய்யட்டும் என்பது. வட்டு தெரிந்ததா? அது ரெய்டின் ஓர் உறுப்பா? எல்லா உறுப்புகளும் வந்துவிட்டனவா, கோத்துவிடு. அதன்மேல் குறியாக்கம் இருக்கிறதா, கடவுச்சொல் கேள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டு அமைப்புகளுக்கும், ஐஸ்கஸி அல்லது என்எஃப்எஸ் வழியாக வலையமைப்பிலிருந்து எழும் கணினிகளுக்கும் இந்த முறை மிகப் பொருத்தம். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பொதிக்குள்ளேயே கொண்டுவர முடிவதால், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் சாவி வைத்துத் தானாகத் திறப்பது போன்ற வசதிகள் இங்கே இயல்பாக அமைகின்றன. உபுண்டு இந்தப் பக்கம் வந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களிலும் இது ஒன்று.

ஃபெடோரா 2013-இல், 20-ஆம் பதிப்பிலிருந்து 'இந்தக் கணினிக்கு மட்டும்' என்ற முறையை இயல்பாக்கியது. பொதி சிறுத்தது, துவக்கம் விரைந்தது. கூடவே எல்லா டிரைவர்களும் அடங்கிய ஒரு மீட்புப் பொதியையும் வைத்தார்கள். என்னைக் காப்பாற்றியது அந்த ஏற்பாடுதான். ஆனால் அதைத் தெய்வமாகக் கும்பிட்டுவிட வேண்டாம். மீட்புப் பொதி நிறுவும் நாளில் ஒருமுறை கட்டப்படுவது. கெர்னல் மேம்படும்போது அது தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. நாலைந்து ஆண்டு ஓடிய கணினியில் அது நாலைந்து ஆண்டு பழைய கெர்னலோடு எழும். அப்போது இல்லாத வன்பொருளை அதுவும் அறியாது.

பழுது பார்க்கும் வசதியில் டிராகட் கொடுப்பது அதிகம். கட்டளை வரியில் ஒரு சொல் சேர்த்தால் குறிப்பிட்ட கட்டத்தில் நின்று முனையம் திறக்கும். ரூட்டை ஏற்றும் முன், ஏற்றிய பின் என்று இடத்தைத் தேரலாம். மறந்துபோன நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றப் பலரும் கையாள்வது இந்தக் கதவைத்தான். எழ முடியாமல் போனால், நடந்ததையெல்லாம் ஒரே அறிக்கைக் கோப்பாக எழுதி வைக்கிறது. அதை யுஎஸ்பியில் எடுத்து வேறு ஒருவருக்கு அனுப்பலாம். என்றாலும், கட்டளை வரி அளவுருக்கள் ஒரு தனி மொழியே ஆகிவிட்டன. நிகழ்வுகள் எந்த வரிசையில் வந்தன என்று மனத்தில் ஓட்டிப் பார்ப்பது ஷெல் ஸ்கிரிப்டைப் படிப்பது போல எளிதல்ல. அனுபவம் உள்ளவருக்கு வரம். முதல்முறை பார்ப்பவருக்குச் சுவர்.

மூலத் திட்டத்தின் பராமரிப்பு மந்தமானபோது 2024-இல் டிராகட்-என்ஜி என்று ஒரு கிளை பிரிந்தது. முதன்மையான வழங்கல்கள் பல இப்போது அதையே எடுத்துக்கொள்கின்றன. எனவே இதைக் கைவிடப்பட்ட கருவி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டெபியன் வகைக் கணினியில் டிராகட்டை நிறுவ நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்காது என்பது. டிராகட் நுழையும்போது இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் வெளியேறும். அதோடு சேர்ந்து, நாம் அதில் செருகிய கொக்கி ஸ்கிரிப்டுகளுக்கும், நான் மேலே சொன்ன டிராப்பேர் ஏற்பாட்டுக்கும் வேலை இல்லாமல் போகும். டிராகட்டுக்கும் தொலைவிலிருந்து திறக்கும் கூடுதல் மாட்யூல்கள் உண்டு. ஆனால் அவற்றைத் தனியாகத் தேடி அமைக்க வேண்டும். மாற்றிவிட்டு மறுதுவக்கம் செய்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், பஸ் பிடித்துப் போய்த்தான் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியிருக்கும்.

எம்கேஇனிட்சிபிஐஓ

ஆர்ச் லினக்ஸின் கருவி. ஆர்ச் அல்லாத கணினியில் இதைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆர்ச்சில் இதை விட்டுப் போகவும் காரணம் தெரியவில்லை. எல்லாம் ஒரே அமைப்புக் கோப்பில், ஒரே வரியில் அடங்கிய கொக்கிகளின் பட்டியல். அழகு அதுதான், வரிசை முக்கியம் என்பதுதான் சிக்கல். குறியாக்கக் கொக்கி, கோப்பு முறைமைக் கொக்கிக்கு முன்னால் வர வேண்டும் என்பது யாருக்கும் புரியும். விசைப்பலகைக் கொக்கியை எங்கே வைப்பது என்பது அடிபட்டால்தான் புரியும். தானாகக் கண்டறியும் கொக்கிக்குப் பின்னால் அது இருந்தால், பொதி கட்டிய வேளையில் இணைந்திருந்த விசைப்பலகையின் டிரைவர் மட்டுமே உள்ளே போகும். பிறகு வேறு யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகினால், கடவுச்சொல் கேட்கும் திரைக்கு முன்னால் ஊமையாக உட்கார வேண்டியதுதான். முன்னால் நகர்த்திவிட்டால் எல்லா விசைப்பலகைகளும் உள்ளே.

ஒரே கோப்பாக முத்திரையிடுவது

இதுவரை பார்த்த எல்லா வழிகளிலும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்திருந்தாலும் பூட் பார்ட்டிஷன் திறந்தே கிடக்கிறது. பாதுகாப்பான துவக்கம் (செக்யூர் பூட்) இயங்கும் கணினியில் துவக்கியின் கையொப்பமும் கெர்னலின் கையொப்பமும் சரிபார்க்கப்படுகின்றன. இனிட்ராம்எஃப்எஸ் பொதியை யாரும் சரிபார்ப்பதில்லை. அது அந்தந்தக் கணினியிலேயே கட்டப்படுவதால் வழங்கல் அதற்குக் கையொப்பமிடவும் முடியாது. விடுதி அறையில் மடிக்கணினியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் நேரத்தில், பொதியை அவிழ்த்து, கடவுச்சொல்லைத் திருடும் நிரலைச் செருகி, மறுபடி கட்டி வைத்துவிடலாம். கட்டுச்சோற்றுக்குள் எலியை வைத்துக் கட்டுவது என்பார்களே, அதுவேதான்.

ஒருங்கிணைந்த கெர்னல் பிம்பம், சுருக்கமாக யுகேஐ, இதற்கான மருந்து. கெர்னல், பொதி, கட்டளை வரி மூன்றையும் கணினியின் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் நேராக ஓட்டக்கூடிய ஒரே கோப்பாகக் கட்டி, முழுவதற்கும் ஒரு கையொப்பம் இடுகிறோம். எதை மாற்றினாலும் கையொப்பம் முறியும். அதன் பகுதிகள் டிபிஎம் சிப்பில் அளந்து பதிவு செய்யப்படுவதால், கலப்படமற்ற பொதி ஓடினால் மட்டுமே வட்டுச் சாவியை விடுவிக்கும்படி அமைக்கலாம். சிஸ்டம்டி 253-உடன் 2023-இல் வந்த யுகிஃபை என்ற கருவி இதைக் கட்டும் வேலையை எளிதாக்கியது. டிராகட்டும் எம்கேஇனிட்சிபிஐஓவும் யுகேஐயைத் தாமே கட்டித் தரும். ஃபெடோரா 38-இல் தொடங்கி மெய்நிகர் கணினிகளுக்கென்று ஆயத்த யுகேஐ தரப்படுகிறது; அதைக் கட்டுவதும் முத்திரையிடுவதும் வழங்கலின் வேலை, நம்முடையதல்ல.

விலை என்ன? பாதுகாப்பான துவக்கம் இயங்கும்போது கட்டளை வரியை அவ்விடத்தில் திருத்த முடியாது. பழுது நேர்ந்த நாளில் 'ஒரு சொல் சேர்த்துப் பார்ப்போம்' என்ற பழைய கைவைத்தியம் செல்லாது. மீட்புக்கென்று தனியாக முத்திரையிட்ட இன்னொரு யுகேஐயை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். இந்தக் கோப்புகள் வழக்கமாக, ஃபர்ம்வேர் துவக்கக் கோப்புகளைத் தேடும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் குடியேறுகின்றன. விண்டோஸ் உருவாக்கிய 100 எம்பி பார்ட்டிஷனில் ஒன்றுக்கே மூச்சு முட்டும், இரண்டுக்கு இடமே இல்லை. சொந்தச் சாவிகளை உருவாக்கி ஃபர்ம்வேரில் பதிவதும் உண்டு. சாவியை அதே கணினியில் பூட்டாமல் வைத்துவிட்டு முத்திரையிட்டேன் என்று பெருமைப்படுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வேகம் பற்றி ஒரு சொல்

பொதியின் அளவைக் குறைத்தால் எத்தனை நொடி மிச்சம் என்று ஒப்பிடும் அட்டவணைகள் நிறைய உலவுகின்றன. நான் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சர்வர் பெட்டிகளில் ஃபர்ம்வேர் தன் நினைவகத்தையும் கார்டுகளையும் சோதித்து முடிக்கவே நிமிடக்கணக்கில் ஆகும்; அதன் பிறகு மிச்சமாகும் ஒரு நொடிக்காக மீட்பு வசதியைக் கைவிடுவது கணக்கு தெரியாத வேலை. சுருக்கும் முறையை மட்டும் இசட்எஸ்டிடிக்கு மாற்றிக்கொள்ளலாம். 2020-இல் வந்த 5.9 கெர்னல் முதல் அதை அவிழ்க்கத் தெரியும், எக்ஸ்இசட் என்ற மற்றொரு சுருக்கும் முறையைவிட மிக விரைவாக அவிழும். நிமிடத்துக்கு நூறு மெய்நிகர் கணினிகளை எழுப்பி அணைக்கும் இடங்களில் கணக்கு வேறு. அங்கே பொதியே இல்லாத வழியைப் பாருங்கள்.

என் பொறுப்பில் உள்ளவற்றுக்கு

தொலைவில் இருக்கும் குறியாக்க சர்வர் டெபியனோடும் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸோடும் அப்படியே இருக்கும். எழாத நாளில் அதன் முன் யாரும் இருக்கப் போவதில்லை. நான் தொலைவிலிருந்து நுழையும் கதவு அந்தப் பொதிக்குள் இருக்கிறது. பெரும்பாலான டிரைவர்கள் என்ற அமைப்பையும் தொடமாட்டேன். பெட்டி செத்தால் வட்டை வேறு பெட்டியில் மாட்டச் சொல்லிவிடலாம்.

ரெட்ஹாட் வழி மெய்நிகர் கணினிகளில் டிராகட் இருக்கிறது, இருக்கட்டும். இடம் மாற்றும் முன் மட்டும், பொதுவான பொதி ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் நகலெடுப்பேன். அதே விர்ட்ஐஓ பாடத்தை இரண்டாம் முறை படிக்க விருப்பமில்லை.

என் மடிக்கணினி பயணம் போகிறது, விடுதிகளில் தங்குகிறது. அதற்கு யுகேஐ. 1 ஜிபி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், உள்ளே இரண்டு யுகேஐ கோப்புகள்: அன்றாடத்துக்கு ஒன்று, எல்லா டிரைவர்களோடும் மீட்புக்கு ஒன்று. பழுதானால் முன்னால் இருப்பது நானே.

வரவேற்பறையில் அறிவிப்பு காட்டும் திரைக்குப் பின்னால் இருக்கும் சிறு பலகைக் கணினிக்குப் பொதி வேண்டாம். அங்கே எழாத நாளில் இருப்பவர் அலுவலக உதவியாளர். மேசை இழுப்பறையில் இன்னொரு எஸ்டி கார்டு இருக்கிறது.

உபுண்டு மேசைக்கணினிகளைத்தான் டிராகட்டுக்கு மாற்றப் போகிறேன். வழங்கல் போகும் பாதையில் போனால் பிழைகள் முதலில் அங்கேதான் திருத்தப்படும். மாற்றும் முன் பூட் அடைவில் இருக்கும் பொதியை வேறு பெயரில் நகலெடுத்து வைக்கிறேன், ஏனென்றால் புதிய கருவி அதே பெயரில்தான் எழுதும். எழவில்லை என்றால் கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, இனிட்ஆர்டி என்று தொடங்கும் வரியில் இருக்கும் கோப்புப் பெயருக்குப் பதிலாக அந்த நகலின் பெயரைத் தட்டி, கன்ட்ரோல்-எக்ஸ். முதல் கணினியில் இதை வேண்டுமென்றே ஒருமுறை செய்து பார்த்தேன்; பழைய பொதியோடு எழுந்தது.